ஆணியில் தொங்கிய தெரு

என் அப்பா சாவிக்காரர். இப்போது சாவி வெட்டுவதில்லை. வலது கை முழுதாக மூடாது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் ஒன்றையொன்று தொடாது. அவை தொடாமல் அரம் பிடிக்க முடியாது. பின்தெருவில் ரொட்டிக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் நானும் அவரும் குடியிருக்கிறோம். கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். காலையில் அப்பா கீழே இறங்கிப்போய், ரொட்டிக்கடைக்காரரின் அண்ணனோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். அந்த அண்ணனுக்கு இடது கையில் மூன்று விரல் கிடையாது. "ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு தேறும்" என்பார் அவர். அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன்; அந்த வரிசையில் அப்பாவும் உண்டு.

நீ கடைசியில் பின்தெருவில் போய்த்தான் குடியிருப்பாய் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அப்பா அவர் நாக்கை இடுக்கியில் மாட்டி ராவியிருப்பார். எங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் தெரு அது. அங்கே இருப்பவர்கள் எங்களைவிட நிறத்தில் கறுத்தவர்கள், கும்பிடும் சாமியும் வேறு. பேச்சு மட்டும் ஒன்றுதான். சண்டை போட அது போதுமானதாக இருந்தது.

"அந்தத் தோலைப் பார்த்தாலே தெரியலையா? கை நீளம்" என்பார் அப்பா. "அவங்க சுடுற ரொட்டியில என்னத்தைக் கலக்குறாங்களோ, யாரு கண்டா?" என்பார். இதைக் கடையில் வந்து நிற்பவர்களிடமெல்லாம் சொல்வார். நான் அந்த ரொட்டியைத் திருட்டுத்தனமாக வாங்கித் தின்றுதான் வளர்ந்தேன். கொஞ்சம் சதை போட்டதைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவின் வன்மத்துக்கு ஒரு கதை இருந்தது. அவர் முதலில் இரும்புப் பட்டறையில் தகடு வெட்டும் மிஷினில் வேலை பார்த்தவர். எனக்கு விவரம் தெரியாத வயதில் அந்த வேலை போனது. "பின்தெருக்காரன் ஒருத்தன் பாதிக் கூலிக்கு வந்து நின்னான். என்னைத் தூக்கிட்டு அவனை உக்கார வெச்சுட்டாங்க." இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சோற்றில் உப்புக் குறைந்தாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும். அவரை நிறுத்திய பட்டறை முதலாளி மேல் அவருக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. முதலாளி எங்கள் ஆள். எங்கள் வழிபாட்டுக் கூடத்துக்குத் தலைவர். "முதலாளி என்ன பண்ணுவாரு பாவம்?" என்பார் அப்பா. வாராவாரம் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, முதலாளியின் பிடரியைப் பார்த்தபடி உரக்கப் பாடுவார். குரல் நன்றாக இருக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பட்டறை போன பிறகு கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் சாவிக்கடை போட்டார். கை சுத்தமான தொழிலாளி என்று பெயர் எடுத்தார். சாவித் தொழிலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான், அதை எனக்குப் பாடம் மாதிரி சொல்வார்: "அடுத்தவன் வீட்டுச் சாவியை நம்ம வீட்டுல வெச்சுக்கக் கூடாது. வெச்சா தூக்கம் வராது." பூட்டு மாட்டினால் எல்லாச் சாவியையும் வீட்டுக்காரர் கையிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார்.

எங்கள் வீட்டுச் சாவி மட்டும் ஒன்று வெளியே இருந்தது. அது மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம் இருந்தது. அம்மாவுக்கு நெஞ்சு வலி வரும். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று அப்பா தாமே வெட்டி மாமாவுக்குக் கொடுத்த சாவி அது. உள்தாழ்ப்பாளையும் அப்போதே கழற்றிவிட்டார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் தாழ்ப்பாள் திரும்ப ஏறவில்லை, சாவியும் திரும்ப வரவில்லை. மாமா கதவைத் தட்டியே நான் பார்த்ததில்லை. அந்தச் சாவி கொஞ்சம் மக்கர் செய்யும். பாதியில் நிற்கும், லேசாகத் தூக்கித் திருப்பவேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் நான் சோற்றுப் பானையை எட்டிப் பார்ப்பேன், மாமா நேரே அங்கேதான் வருவார். "அக்கா இல்லாட்டி என்ன, அவ பானை இருக்கே" என்பார்.

மாமாவைக் கெட்டவர் என்று நான் சொல்லிவிட முடியாது, அதுதான் என் கஷ்டம். கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஊரே வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காதவர் மாமா ஒருவர்தான். தன் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு போய் என் கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாவற்றையும் அந்த வீட்டிலிருந்து ஏற்றி வந்தார். "பாப்பா, பல்லுள்ளவன் பக்கோடா தின்பான், விடு" என்றார். பிறகு நான் பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வது வேலை. வீட்டுக்கு வந்தால் அப்பாவை வாயை மூடச் சொல்வது.

அவர் மூடவில்லை. ஒருமுறை பின்தெருவில் கல்வீச்சு நடந்து, மரக் கதவுகளை எட்டி உதைத்து உடைத்தார்கள். யார் செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியவில்லை. அதன்பிறகு அந்தத் தெரு முழுதும் இரும்புக் கதவு போட்டது. அத்தனை கதவுக்கும் பூட்டு மாட்டும் வேலை அப்பாவுக்குத்தான் வந்தது. மாட்டினார். சாவிகளை எண்ணிக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி கூடுதலாக வெட்டித் தானே வைத்துக்கொண்டார். வீட்டுப் பின்னறையில் ஒரு பலகை, அதில் தெரு வரிசைப்படி ஆணி, ஆணிக்கு ஒரு சாவி.

"தொழிலுக்கு அடுக்குமாப்பா இது?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எங்கயாவது திருட்டுப் போனா முதல்ல சாவிக்காரனைத்தான் புடிப்பாங்க. அப்ப இவங்க வீட்டைத் திறந்து காட்டுவேன். பொருள் அங்கதான் இருக்கும்."

மற்ற எல்லா வீட்டுக்கும் தொழில் தர்மம். அந்தத் தோல் உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு. அதோடு விட்டாரா? கூடத்தில் வழிபாடு முடிந்து டீ குடிக்கும்போது, "பின்தெருவே என் ஆணியில தொங்குது, தெரியுமில்ல?" என்று பெருமை அடித்துக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார் என்று அப்பாவே பிறகு சொன்னார்.

பிறகு ஒரு விடுமுறை நாள் காலை. முழங்கை வரை மாவோடு ரொட்டிக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே. வீட்டுக்காரி பாத்ரூம்ல விழுந்துட்டா. உள்ள தாழ் போட்டிருக்கா. கதவு மேலயே சாஞ்சு கிடக்கா, உடைச்சா அவ மேலதான் விழும்."

அப்பா ஒரு நொடி யோசித்தார். அந்த நொடியை நான் பார்த்தேன். பிறகு பெட்டியை எடுத்தார். நான் கூடப் போனேன். பின்தெருவில் ஒரு வீட்டுக்குள் அப்பா காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. பூட்டெல்லாம் வெளியே நின்றே மாட்டியவர் அவர்.

ஈரத் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் வாயை வைத்தார். "தங்கச்சி, பேசிக்கிட்டே இரும்மா. கண்ணை மூடிடாத."

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சாவிக்காரன்."

பிறகு, "நம்மாளா?" என்று கேட்டாள்.

அப்பா கையில் திருப்புளி அப்படியே நின்றது. "ஆமாம்மா, நம்மாளுதான்" என்றார்.

அவள் வலியில் தன் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தாள். "நீங்களும் சொல்லுங்கண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அப்பாவுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. அவள் ஒரு வரி சொன்னாள், அதையே அவரும் சொன்னார். அடுத்த வரி, அதையும் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்து பாடும் மனிதர், பாத்ரூம் தண்ணீரில் சட்டை நனையக் கிடந்து, வேற்றுச் சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டே கீல் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் கதவைத் தாங்கிப் பிடித்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

கதவை எடுத்ததும் அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தவள் சொன்னது இதுதான்: "உங்க வாய்ல எங்க சாமி வார்த்தையே நிக்கலை. அப்பவே சந்தேகப்பட்டேன்."

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, முன்னறையில் அப்பா கை துடைத்துக்கொண்டிருந்தார். மூலைக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரரின் அண்ணன். "என்னை அடையாளம் தெரியுதா?" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். "பட்டறையில உங்க இடத்துலதான் என்னை உக்கார வெச்சாங்க. பாதிக் கூலி. சேர்ந்து ரொம்ப நாள் ஆகல, மிஷின் மூடி கழண்டு விழுந்துச்சு. மூணு போச்சு."

அப்பா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மூடி ஆட்டம் கண்டிருக்குன்னு முதலாளிகிட்ட நான் சொன்னேன்" என்றார் கடைசியில். "ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்றதுக்குள்ள என்னை நிறுத்திட்டாரு."

இதை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிறத்து ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் அவருக்கே மறந்துபோயிருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் காரணத்தை யார் தேடுகிறார்கள்? அந்த வீட்டில் கொடுத்த டீயை அப்பா மறுக்காமல் குடித்தார்.

அதன்பிறகு கூடத்துக்குப் போனால் முன்வரிசையை விட்டுச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாடுவது நின்றது. ஒருநாள் முதலாளி மேடையில் ஏறி ஏழைகளிடம் இரக்கம் காட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்துவிட்டார். மறுவாரம் போகவில்லை.

"சாமிகிட்ட சண்டையாப்பா?"

"சாமிகிட்ட எனக்கென்ன சண்டை? சாமிக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருக்கானே, அவன்கிட்டதான்."

ரொட்டி வீட்டுக்கே வர ஆரம்பித்தது. சாயங்காலம் கடையை மூடிவிட்டு அப்பா பின்தெரு வழியாகச் சுற்றி வந்தார். எல்லாம் சரி, அந்தப் பலகை மட்டும் பின்னறையில் அப்படியே இருந்தது. "தூக்கிப் போடுங்கப்பா" என்று நான் சொல்லாத வாரம் இல்லை. "நல்ல பித்தளைடி, குப்பையில போட மனசு வரல. உருக்கலாம், பார்க்கலாம்" என்பார். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது. அதைக் கையால் தொடவே அவருக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துச் செத்துப்போனது. என்ன சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள், ரொட்டி என்றார்கள். ரொட்டியில் என்னத்தையோ கலக்குகிறார்கள், யார் கண்டது என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. அப்பாவின் அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறாமல் அது பலர் வாயில் சுற்றிவிட்டு அவர் கடை வாசலுக்கே வந்து சேர்ந்தது. "அதெல்லாம் புரளி" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நீங்கதானே அண்ணே சொன்னீங்க?" என்று கேட்டான் எதிர்க்கடைக்காரன்.

பல் மருத்துவர் பின்தெரு ஆட்களுக்கு வேறு கிழமை ஒதுக்கினார். அவர்கள் வாய் கொப்பளித்த டம்ளரை இரண்டு தடவை கழுவச் சொன்னார். ரொட்டிக்கடைச் சுவரில் யாரோ சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அடுத்த வீட்டிலும் வட்டம். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் அழிக்கவுமில்லை. கடைவீதியில் சத்தம் குறைந்துபோனது. எங்கள் கூடத்தில் மட்டும் வாரத்தில் எல்லா நாளும் கூட்டம்.

ஒரு மத்தியானம் பூட்டில் சாவி நின்று, தூக்கி, திரும்பியது. மாமா வந்தார். சட்டையில் பெட்ரோல் வாடை. லாரி ஓட்டுகிறவர்தானே என்று சோறு போட்டேன். வழக்கம்போல் மீனுக்கு உப்புக் கம்மி என்றார், வழக்கம்போல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அத்தான், அந்தப் பலகை இன்னும் இருக்கா?" என்றார்.

"எந்தப் பலகை?"

"தெருவே என் ஆணியில தொங்குதுன்னு சொல்வீங்களே, அது."

அப்பா பின்னறைப் பக்கம் பார்த்தார்.

"கூடத்துல கேக்குறாங்க. அவங்க சாமி கும்பிடப் போற அன்னிக்குத் தெருவே காலியா இருக்கும். யாரு மேலயும் ஒரு கீறல் விழாது, பொருள்தான் எரியும். ஒரு தடவை சுட்டாத்தான் அவங்களா ஊரைக் காலி பண்ணுவாங்க. இரும்புக் கதவை உடைச்சா சத்தம் எட்டூருக்குக் கேக்கும், ஓடி வந்துடுவாங்க. சாவி இருந்தா உள்ள போனதே தெரியாது." என் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா, நீ அன்னிக்கு வீட்டைவிட்டு வெளிய வராத, என்ன?" என்றார். அந்தக் குரலில் இருந்த பாசம் பொய்யில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "வரிசை கலைஞ்சு கிடக்கு மச்சான். எது எந்த வீடுன்னு பார்த்து அடுக்கித் தரேன். அதுக்கு முதல் நாள் வந்து வாங்கிக்க."

மாமா போனதும், "போலீசுக்குப் போவோம்பா" என்றேன். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் எங்கே உட்காருவார் என்று அப்பா எனக்கு ஞாபகப்படுத்தினார். அப்பாவின் பழைய இடத்துக்குப் பக்கத்து இடம்.

"பலகையை ஆத்துல போட்டுடுங்க."

"கடப்பாரை எடுத்துட்டு வருவாங்க. இல்ல, ஆளு இருக்கறப்ப வருவாங்க. சாவி கிடைச்சிருக்குன்னு அவங்க நம்பிக்கிட்டே இருக்கணும்." எழுந்து பெட்டியைத் திறந்தார். பூட்டுக்குள்ளே சின்னச் சின்னப் பித்தளை முளைகள் உண்டு; அவற்றை இடம் மாற்றிப் போட்டால் பழைய சாவி நுழையும், ஆனால் திரும்பாது. வீட்டுக்காரருக்குப் புதிய சாவி வெட்டித் தந்துவிடலாம். வேலை சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஏன் மாற்றுகிறேன் என்று சொல்லவேண்டும். உங்கள் வீட்டுச் சாவி இத்தனை வருஷமாக என்னிடம் இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும்.

முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீடு. அப்பா வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார். ரொட்டிக்கடைக்காரர் முகம் செத்துவிட்டது. ஊன்றுகோலோடு நின்ற அவர் மனைவி, "நான் விழுந்த அன்னிக்கும் உங்க வீட்டுல எங்க சாவி இருந்துச்சா?" என்று கேட்டாள். "இருந்துச்சும்மா." அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணன்தான் கட்டிலிலிருந்து, "இத்தனை வருஷமா இருந்தும் ஒரு ஸ்பூன்கூடக் காணாமப் போகலையே, நீ என்னய்யா திருடன்?" என்று சொல்லி எழுந்து வந்து, வீடு வீடாக அப்பாவுக்கு முன்னால் நடந்தார்.

அதை நான் மறக்க மாட்டேன். ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். ஒரு பெண் அவர் காலடியில் துப்பினாள். அப்பா குனிந்து அந்த எச்சிலுக்குப் பக்கத்திலேயே முட்டி போட்டுப் பூட்டைக் கழற்றினார். நான் பல் மருத்துவரின் இடுக்கியைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். அதால் முளைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் யாராவது பார்த்தால் பூட்டில் மழைத்தண்ணீர் இறங்கி இறுகிவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. இரண்டு பகல் ஆனது. கையிலிருந்த முளைகளெல்லாம் தீர்ந்து, கடைசி வீடுகளுக்குப் பழைய பூட்டுகளை உடைத்து எடுத்துப் போட்டார்.

ஒரே ஒருவர் மட்டும் விடவில்லை. தெருக்கோடித் தையல்காரர். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "ஒரு தடவை வெச்சுக்கிட்டவன் மறுபடி வெச்சுக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? போய்யா" என்றார். அப்பா கும்பிட்டுக் கேட்டார். அண்ணனும் கெஞ்சினார். அவர் அசையவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

"அவர் சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துடுங்கப்பா" என்றேன்.

"காலி ஆணியைப் பார்த்தா சந்தேகம் வரும். வேற ஏதாவது ஒண்ணை மாட்டிடறேன்" என்றார். மாட்டுவதற்குள் மாமா வந்துவிட்டார். எப்போதும்போல் தட்டாமல், சொன்ன நேரத்துக்கு முன்பே. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அத்தான்னா அத்தான்தான்" என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"நாளைக்குத் திறக்கலைன்னதும் வந்து கேப்பாரே?" என்றேன்.

"பழைய சாவி, தேஞ்சு போயிருக்கும்னு சொல்வேன். என் மச்சான்டி அவன். கத்துவான், கொட்டிக்குவான், போவான்."

மறுநாள் பின்தெருக்காரர்களின் வழிபாட்டுக் கூடத்தில் பாட்டு ஆரம்பித்ததும் மாமாவும் எங்கள் ஆட்களும் தெருவுக்குள் போனார்கள். எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் கேட்டது. இரும்பில் சாவி உரசும் சத்தம், ஒரு கதவு, அடுத்த கதவு. திட்டும் குரல்கள். பிறகு ஒரு கதவு கிறீச்சென்று திறந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரர் வீட்டிலிருந்து புகை கிளம்பியதும் பாட்டு நின்றது, ஆட்கள் ஓடி வந்தார்கள், இவர்கள் பின்பக்கமாக ஓடினார்கள். தையல் மிஷின்களும், ஊராருக்குத் தைத்துக்கொடுக்க வைத்திருந்த துணிகளும் எரிந்தன. மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வெகு நாளுக்குப் பிறகு உதடு அசைந்தது. பாதி எங்கள் பாட்டு, பாதி அந்தப் பாத்ரூம் கதவடியில் கற்றுக்கொண்டது.

"யாரைக் கும்பிடுறீங்க?"

"யாரு காதுல விழுதோ அவங்களை." எழுந்து விளக்கைப் போட்டார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்றார்.

நான் தட்டை எடுத்து வைத்தேன். எனக்கு நிம்மதி வரவில்லை. ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. சோற்றைப் போடும்போதுதான் அது புரிந்தது. எல்லாச் சாவியுமே திரும்பாமல் போயிருந்தால் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஒன்று திரும்பியிருக்கிறது. பழைய சாவி நன்றாகத்தான் இருக்கிறது, மற்றப் பூட்டுகளைத்தான் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாற்றத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான்.

"அப்பா" என்றேன்.

வாசலில் லாரி வந்து நின்றது. செருப்புச் சத்தம் ஒரு ஆளுடையது இல்லை. அப்பா கதவைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஒரு தெரு முழுக்கப் பூட்டை மாற்றியவர், எங்கள் வீட்டுப் பூட்டை மாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அப்பா எழுந்து என்னைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கதவின்மேல் வலது கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மச்சான்" என்று கூப்பிட்டார். "நான்தான்டா, அத்தான்."

பூட்டில் சாவி நுழைந்தது. பாதியில் நின்றது. லேசாகத் தூக்கினார்கள். திரும்பியது.